மஞ்சள் விரிப்புக்கு ஏற்ற சுவர்

மஞ்சள் நிறத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஊர்க்கவுண்டர் சிங்காரம் என்னை விசாரித்தபோது எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டார். "செல்லியம்மா, உனக்கும் மஞ்சளுக்கும் இன்னா பகை?" பகை ஒன்றுமில்லை என்றேன். குழம்பில் எல்லாரையும் விட ஒரு சிட்டிகை கூடப் போடுகிறவள் நான்.

என் தம்பி சின்னராசுக்குத் தை மாதம் கல்யாணம். பெண் புதூர்நாட்டுப் பக்கம், பெயர் கன்னியம்மாள். திருப்பத்தூரில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன், கல்யாணத்துக்கு முன்பே இலவம்பஞ்சு மெத்தை, இரண்டு தலையணை, ஒரு மஞ்சள் விரிப்பு என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார். விரிப்பு நல்ல விரிப்பு. அப்போதுதான் அரைத்த மஞ்சளின் நிறம்.

தம்பி அமிர்தியில் காட்டிலாகா பங்களாவுக்குக் கொஞ்ச நாள் காவல் இருந்தவன். அங்கே ஓர் அறையில் சுவரும் படுக்கை விரிப்பும் ஒரே நிறத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்தான். வரப்போகிற பெண்டாட்டிக்கும் அப்படியே வேண்டுமாம். எங்கள் வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றே ஒன்று. புருஷன் வீட்டிலிருந்து நான் திரும்பி வந்த அன்று அப்பா எனக்கென்று கொடுத்தது. பதினோரு வருஷம் அதில் படுத்திருக்கிறேன்.

"நீ சாமை மூட்டைங்க பக்கத்துல படுத்துக்க அக்கா, காத்து நல்லா வரும்," என்றான்.

காற்று வரும்தான். எலியும் வரும். பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

தம்பி சந்தையிலிருந்து நாலு தினுசு மஞ்சள் காவிப் பொடி வாங்கி வந்து, சுண்ணாம்பில் கரைத்து, சுவரில் ஒவ்வொரு கோடாக இழுத்து, பக்கத்தில் விரிப்பைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். எதுவும் பொருந்தவில்லை. பிள்ளை முகம் வாடிப்போயிற்று. பார்க்கப் பாவமாக இருந்ததால் சொன்னேன், விரிப்பு மஞ்சள் நிறம்தானே, சுண்ணாம்பில் மஞ்சளையே கலந்துவிடு என்று.

சுண்ணாம்பில் மஞ்சள் விழுந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தட்டில் இருப்பது எப்படிச் சிவந்தது என்று எந்த ஆம்பிளையும் கேட்டதில்லை. குடத்துச் சுண்ணாம்பு செக்கச்சிவந்து போனதைப் பார்த்துத் தம்பி திகைத்தான். ஈரத்தில் அப்படித்தான் இருக்கும், காய்ந்தால் மஞ்சளாகிவிடும் என்றேன். சுண்ணாம்பு நிறம் காய்ந்தால் மாறும் என்பது தெரிந்ததால் நம்பிவிட்டான். கல்யாணத்துக்கு முந்தின நாள் நாலு சுவரையும் அடித்து முடித்தான்.

தாலி கட்டி முடிந்து கன்னியம்மாள் அறைக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணி, செவுரு ரத்தமாட்டம் இருக்குது?"

"இந்தச் செவுத்துல இன்னா கலரு பூசனாலும் அப்பிடித்தான் ஆவுது," என்றேன்.

இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். "ஒருத்தி இருந்தா. இப்போ இல்லே," என்றேன். அந்த ஒருத்தி நான்தான். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே காய்ச்சல் என்று சொல்லிப் புதூர்நாட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். தம்பி இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அந்த அறை இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன், வேண்டுமானால் தாலியைக் கழற்றித் தருகிறேன் என்றாளாம். தம்பி இளைத்துத் துரும்பாகிப் போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. தினமும் அவனுக்குக் களி ஓர் உருண்டை கூட வைத்தேன்.

அறையைச் சும்மா போட்டால் பூச்சி அடையும் என்று நானே அங்கே படுத்துக்கொண்டேன். விரிப்பை மடித்தே வைத்திருந்தால் நைந்துபோகும், அதனால் அதையும் விரித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போனது. சுண்ணாம்பின் காரம் இறங்க இறங்கச் சுவர் தானாகவே மஞ்சளுக்குத் திரும்ப ஆரம்பித்தது. காய்ந்தால் மஞ்சளாகும் என்று நான் சொன்னது பொய்யில்லை என்பதை எல்லாரும் கவனிக்க வேண்டும். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சுவர் திட்டுத்திட்டாக இருந்தது. அரைகுறையாக ஒரு சுவரைப் புதுப்பெண்ணுக்குக் காட்டலாமா? அவன் காட்டுக்குப் போன சமயம் பார்த்து அதே மஞ்சள் சுண்ணாம்பில் இன்னொரு பூச்சுக் கொடுத்தேன், சுவர் மறுபடி சிவந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று.

அந்த மூன்றாவது பூச்சில் சுண்ணாம்பு மட்டையும் கையுமாக நான் நின்றபோது வாசலில் கன்னியம்மாள் நின்றாள். பிறந்த வீட்டில் அண்ணன் குழந்தைக்கு ஆரத்தி கரைக்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியதாம். ஊர்க்கவுண்டரையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். கூச்சல் போடவில்லை. அடுக்களையிலிருந்து ஒரு கைப்பிடி புளியைக் கரைத்துக்கொண்டு வந்து சுவரில் தேய்த்தாள். தேய்த்த இடம் காரம் இறங்கிப் பளிச்சென்று மஞ்சளானது. விரிப்பின் ஓரத்தைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"பொருந்துது, இல்ல அண்ணி?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. காட்டிலிருந்து வந்து சேர்ந்த தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நாலு சுவரையும் நானே என் கையால் புளித்தண்ணீர் விட்டுத் துடைத்து மஞ்சளாக்கித் தர வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். நியாயமான தீர்ப்பு. செய்தது எல்லாம் நான்தான், செய்தவள்தான் துடைக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். இன்று மத்தியானம் வேலை முடிந்தது. சுவரும் விரிப்பும் ஒரே நிறம். இரண்டு பேரும் சந்தோஷமாக உள்ளே மெத்தையைப் போடுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

நிறம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று புளித்தண்ணீரில் இரண்டு உருண்டை வெல்லம் மட்டும் கரைத்திருந்தேன். எறும்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.