பட்டை இல்லாத சட்டைக் கை

— தலைப்பு வரைக்கும் எழுதியாச்சு. வாசிக்கிறேன், கேளு. "நாள்: திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. இடம்: ஆமத்தூர், ஜேசுதாசன் வீட்டு முன்னறை. ஆஜரானோர் இருவர். ஒன்று: ஓய்வுபெற்ற ஹவில்தார் கிளார்க் ஜேசுதாசன், மேசைக்கு வடக்கே, மர நாற்காலியில். இரண்டு: கதிரவனின் தாயார் சின்னத்தாய், வாசல் நிலையை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில். ஜன்னலோரத்து நாற்காலி காலி."

— ஏய்யா, எம்மகனுக்குக் கடுதாசி எழுதச் சொன்னா கோர்ட்டுக்கு எழுதுதீக?

— இருபத்திரண்டு வருசம் பட்டாளத்துல கிளார்க்கு. யாரு இருந்தா, எங்க உக்காந்திருந்தான்னு எழுதாம ஒரு காகிதமும் என் மேசையை விட்டுப் போனதில்ல.

— அதுக்காக காலி நாற்காலியையுமா எழுதணும்?

— இருக்கிறதை எழுதணும்ல.

— தீபம் அக்கா உக்காருற நாற்காலி. அக்கா இருந்திருந்தா இந்நேரம் காப்பி வந்திருக்கும்.

— கட்டன் சாயா நான் போடுவேன். பால் வாங்குறதில்ல. பொண்டாட்டி போனப்புறம் ஒருத்தனுக்கு எதுக்குப் பாலு?

— அது கெடக்கட்டும், எனக்கு ஒண்ணும் வேணாம். இடி இறங்குதுன்னு பட்டாசுக் கம்பெனியில எல்லாத்தையும் வெளிய அனுப்பிட்டாக. வேன் ரோட்டு விலக்குல இறக்கி விட்டுச்சு, நேரா இங்கன வந்துட்டேன். கையில லேபிள் பசைகூட இன்னும் காயல.

— சரி, வரிசையா வா. என்ன விசயமா எழுதணும்?

— பங்குனிப் பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருக்கு. கதிரவன் ஊருக்கு வரணும். ஏழு வருசமாச்சுய்யா அவன் முகத்தைப் பாத்து.

— போன்ல சொல்ல வேண்டியதுதான?

— போனை எடுத்தாத்தான? தீபாவளி முடிஞ்ச கையோட இளைஞர் மன்றத்து அருள்பாண்டி அவனுக்குப் போன் போட்டு, "மாப்ளே, பொங்கலுக்கு வா, விலக்குல இருந்து மேளம் வச்சுக் கூட்டிட்டு வாரோம்"னான். அன்னையில இருந்து என் போனையும் எடுக்கலை, அவன் போனையும் எடுக்கலை. இருக்கானா இல்லையான்னு நெனச்சு நெனச்சு அங்கன லேபிளைத் தலைகீழா ஒட்டி வைக்கேன், போர்மேன்கிட்ட ஏச்சு வாங்குதேன்.

— டூட்டி கெடுபிடியா இருக்கும்.

— நாலு மாசமாவா?

— எல்லைப் பக்கம்னா டவர் கெடைக்காது.

— அது கெடக்கட்டும். இந்தாங்க, கடைசியா அனுப்புன போட்டோ. ஸ்டுடியோவுல பெருசா கழுவி வாங்கியாந்திருக்கேன். இதை வச்சு அருள்பாண்டி பயக பதினஞ்சு அடிக்குப் பிளெக்ஸ் அடிக்காக. நாளைக்குச் சிவகாசிக்குக் கொண்டு போறான். அடியில பேருக்குப் பின்னாடி என்ன பதவி போடணும்னு ஜேசுதாசய்யாவைக் கேட்டுட்டு வாங்கன்னான்.

— பதினஞ்சு அடியா?

— பஸ் ஸ்டாப்புல வைக்கப் போறாகளாம். விருதுநகர் பஸ்சு, சிவகாசி பஸ்சு, எதுல போனாலும் தெரியுமாம்.

— அந்தப் பக்கம் எக்ஸ் சர்வீஸ்மேன் நாப்பது பேராவது போறான் வாரான்.

— போகட்டுமே. பாத்தா பெருமைதான? என்ன பதவின்னு சொல்லுங்க.

— கண்ணாடியைத் துடைச்சிக்கிறேன், இரு.

— இப்பத்தான துடைச்சீக. சட்டைக் கையில மூணு பட்டை இருக்குய்யா. நீங்க சொல்லிக் குடுத்ததுதான் எனக்கு மனப்பாடமே. ஒரு பட்டைன்னா லான்ஸ் நாயக். ரெண்டுன்னா நாயக். மூணுன்னா ஹவில்தார். அதுக்கு மேல பட்டை போயி ஸ்டார் வரும், அடியில நாடா வச்சு தைப்பாக. அது நாயப் சுபேதாரு. முன்னாடி அவுகளை ஜமேதார்னாக, அறுபத்தஞ்சுல பேரை மாத்திட்டாக. சரியா?

— சரி.

— மேஜர் தோள்ல முன்னாடி வெள்ளைக்கார ராஜா கிரீடம் இருந்துச்சு. அம்பதுல குடியரசு வரவும் கிரீடத்தைக் கழட்டிட்டு அசோகச் சிங்கத்தை வச்சாக. ஸ்டாரையும் மாத்தி அஞ்சு முனை ஆக்குனாக.

— பட்டை மட்டும் மாறல. கிரீடத்துக்குக் கீழ இருந்தவனும் அதைத்தான் தச்சான், சிங்கத்துக்குக் கீழ இருக்கிறவனும் அதைத்தான் தைக்கிறான். இதை நான் சொல்லவே இல்லியே?

— நாலு வாட்டி சொல்லிட்டீக. நான் எண்ணுறதில்ல, கேட்டுக்கிடுவேன். சிப்பாய்க்கு ஒண்ணுமே கிடையாது, வெறும் சட்டைக் கைதான், அதுதான் அவன் அடையாளம்னு சொல்லுறப்ப மட்டும் உங்க குரல் ஒரு மாதிரி ஆயிரும்.

— நானும் அப்படிச் சேந்தவன்தான. வேற யாருகிட்டச் சொல்ல? ஆஷ்லின் குவைத்ல இருந்து ஞாயித்துக்கிழமை பேசும். "அப்பா, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேக்கும். பட்டையைப் பத்தி அதுகிட்டப் பேச முடியுமா?

— அது கெடக்கட்டும். ஹவில்தார் கதிரவன்னு போடச் சொல்லிரவா?

— வேண்டாம்.

— ஏன்?

— சர்வீஸ்ல இருக்கிறவன் படத்தைப் பொது இடத்துல வைக்கக் கூடாது. பாதுகாப்பு விசயம்.

— தாயில்பட்டியில போன வருசம் ஒரு பையனுக்கு வச்சாகளே? நீங்களே போயி மாலை போட்டுட்டு வந்தீக.

— பிளெக்ஸ் வேண்டாம்னா வேண்டாம், சின்னத்தாயி.

— நீங்க வேண்டாம்னு நான் சொன்னா அருள்பாண்டி இங்கன வந்து ஏன்னு கேப்பான். எங்கிட்டச் சொல்லுங்க. ஏன் வேண்டாம்?

— மழை விழுது. நாற்காலியை உள்ள இழுத்துப் போடு.

— நனையட்டும். ஏன் வேண்டாம்?

— அந்தப் போட்டோவை இப்படித் தா. இந்தா, கையைப் பாரு. பட்டை எந்தப் பக்கம் கூராயிருக்கு?

— மேல பாத்து.

— நம்ம பட்டாளத்துல கூரு கீழ பாத்து இருக்கும். தோளைப் பாரு. ரெண்டு ஸ்டார். அடியில நாடா இல்ல. அப்படின்னா லெப்டினென்ட்டு. கையில ஹவில்தாரு, தோள்ல லெப்டினென்ட்டு. ஒரே ஆளு ரெண்டுமா இருக்க முடியுமா? தனக்குத் தானே சல்யூட் அடிச்சுக்கிடணும்.

— தையக்காரன் தப்பா தச்சிருப்பானோ?

— பட்டாளத்துத் தையக்காரன் தூக்கத்துலகூட அப்படித் தைக்க மாட்டான். சட்டைப் பைக்குள்ள கயிறு போகுதுல்ல, அது விசில் கயிறு. இது எந்தப் படையிலயும் இல்ல, சின்னத்தாயி. பங்களாவுக்கும் பேங்குக்கும் ஆள் விடுற செக்யூரிட்டி கம்பெனிக்காரன் கடையில வாங்கி ஒட்டுறது. கதிரவன் பட்டாளத்துல இல்ல.

— இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சா?

— இல்ல.

— எப்ப?

— வரிசையாச் சொல்றேன். மொத போட்டோவுல கையில ஒண்ணுமில்ல. காக்கிச் சட்டை, வெறுங்கை. படமும் மங்கலா இருந்துச்சு. ரெண்டாவது படம் வந்துச்சுல்ல, ஒத்தைப் பட்டை, கூரு மேல பாத்து. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

— அன்னைக்குத்தான லான்ஸ் நாயக் ஆயிட்டான்னு டீக்கடை வரைக்கும் வந்து சொன்னீக.

— உன் முகத்தைப் பாத்துட்டு வாய் வரலை. நான் சொன்னதும் ஊரே நம்பிருச்சு. இப்ப பிளெக்ஸ் வரைக்கும் வந்து நிக்குது. அவன் எப்படி வருவான்? மேளத்தை வச்சு விலக்குல மறிச்சு நிப்பாங்க. நாப்பது எக்ஸ் சர்வீஸ்மேன்ல ஒருத்தன் கேட்டாப் போதும், எந்த ரெஜிமென்ட்டுன்னு.

— ம்.

— நீ அழுவேன்னு நெனச்சேன்.

— அழுதா மழைச் சத்தத்துல உங்களுக்குக் கேக்காது. எழுதுங்கய்யா. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. உங்க கையெழுத்துலதான் போகணும்.

— சொல்லு.

— ஏலே கதிரவா, நல்லாருக்கியா? நான் நல்லாருக்கேன். முட்டு வலி மட்டும்தான். பிளெக்ஸ் கிடையாது, மேளம் கிடையாது.

— "அன்புள்ள மகன் கதிரவனுக்கு, தாயார் நலம். பிளெக்ஸும் மேளமும் ரத்துச் செய்யப்பட்டன." அருள்பாண்டிகிட்ட யாரு சொல்றது?

— நீங்க சொல்லணும்.

— என்னன்னு?

— உள்ளதை.

— ஊர் என்னைக் காறித் துப்பும்.

— அம்புட்டுக்குத் துப்ப மாட்டாக. ரெண்டு நாள் பேசுவாக, அப்புறம் பட்டாசு சீசன் வந்துரும். சொல்லுவீகளா, மாட்டீகளா?

— சாயங்காலம் மன்றத்துக்குப் போறேன். அவன் சிவகாசிக்குக் கிளம்புறதுக்கு முந்தியே சொல்லிர்றேன்.

— அப்ப அதையும் எழுதுங்க.

— "இது குறித்து ஜேசுதாசன் இன்று மாலை இளைஞர் மன்றத்தில் நேரில் தெரிவிப்பார்." அடுத்த பாரா?

— வேட்டி சட்டையில வா. யாரு என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லு. நீ என்ன வேலை பாத்தாலும் எனக்குச் சோறு இறங்கும். உன்னைப் பாக்காமத்தான் இறங்கலை.

— இதை நான் மாத்தல. அப்படியே எழுதிட்டேன். அடுத்து, "நீ மறைத்ததைத் தாயார் மன்னித்துவிட்டார்" அப்படின்னு ஒரு வரி போட்டாத்தான் முறையா இருக்கும்.

— அதை அடிங்க.

— ஏன்? பெருந்தன்மையா இருக்குமே.

— அடிங்கய்யா. மன்னிப்புன்னு ஒரு எழுத்து இருக்கக் கூடாது. அவன் மேல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதுங்க.

— குத்தமே இல்லைன்னா ஏழு வருசமா வராம இருந்ததுக்கு யாரு பொறுப்பு? பதிவுன்னா ஒரு பொறுப்பு வேணும்ல?

— எழுதுங்கன்னா.

— நீ தாய், உனக்கு மனசு அப்படி. "உன் மேல் ஒரு குற்றமும் இல்லை." எழுதியாச்சு. இங்கன கைநாட்டு வை.

— நான் பேரு எழுதுவேன். அடுத்த வீட்டு மாடத்தி சொல்லிக் குடுத்திருக்கா. சின்... னத்... தாய். கோணலா இருக்கோ?

— படிக்க முடியுது. மடிச்சாச்சு. பசை எங்க வச்சேன்?

— என் விரல்ல இருக்கிற பசையே ஒட்டும். இங்கன தாங்க. ஒட்டிருச்சு.

— இப்ப முகவரி. பட்டாளத்து நம்பர் போட்டா அங்க அவன் இருக்க மாட்டான். எங்கன்னு எழுத? எந்த ஊருன்னுகூடத் தெரியாம உறையை ஒட்டிட்டோமே.

— எழுதிக்கிடுங்க. கதிரவன், காவலர் அறை, ரெண்டாவது வாசல்...

— என்னது?

— மழை விட்ருச்சு, போஸ்ட்மேன் சங்கிலிமுத்து அண்ணன் சைக்கிள் சத்தம் கேக்கு. வெரசா எழுதுங்க. ரெண்டாவது வாசல், மல்லிகை அடுக்கு வீடு, பள்ளிக்கரணை, சென்னை. பின்கோடு இந்தச் சீட்டுல இருக்கு.

— இந்தச் சீட்டு எத்தனை நாளா உங்கிட்ட இருக்கு?

— எண்ணே, சங்கிலிமுத்தண்ணே! நில்லுங்க, ஒரு கடுதாசி இருக்கு!

— குடு தாயி. ஸ்டாம்பு ஒட்டியிருக்கா? சரி. நாளான்னைக்குக் கெடைச்சிரும். யாருக்கு, நம்ம மிலிட்டரிக்கா?

— எம்மகனுக்குண்ணே. பையில பத்திரமா வைங்க, நனஞ்சிராம.

— போயிட்டான். இப்ப சொல்லு, சின்னத்தாயி. அந்த முகவரி உனக்கு எப்படித் தெரியும்?

— அவன்தான் சொன்னான். வேலைக்குச் சேந்த மொத வாரமே போன்ல சொல்லி, அடுத்த வீட்டுப் புள்ளைகிட்ட எழுதி வாங்கிக்கோன்னான்.

— செக்யூரிட்டி வேலைன்னே சொன்னானா?

— ஆமா. செலக்சன்ல நெஞ்சளவு பத்தலைன்னு அனுப்பிட்டாகம்மா, கேட்டுல நிக்கேன், சாப்பாடு குடுக்காகன்னான். ஒண்ணையும் மறைக்கலை. பட்டாளம்னு ஊரு சொல்லுதேன்னு நான் சொன்னப்பதான், "இல்லைன்னு சொல்லும்மா, சொல்லும்மா"ன்னு மூணு வருசம் கேட்டான்.

— அப்ப அவன் பட்டாளத்துல இருக்கான்னு மொதல்ல சொன்னது யாரு?

— தீபம் அக்காவை அடக்கம் பண்ணி ஒரு மாசம் ஆகலை. கேட்டுல நிக்கிற போட்டோ வந்துருக்குன்னு சும்மா காட்டத்தான் கொண்டாந்தேன். நீங்க வெறுங்கையைப் பாத்துட்டு "சிப்பாய்!"னு எந்திரிச்சு நின்னீக. அக்கா போனதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான்யா சிரிச்சீக, நான் இல்லைன்னு சொல்லாம வந்துட்டேன்.