காலில் இடறியது

மணி ஏழு இருக்கும். மழை விட்ட நேரம். கோவையில் அந்தப் பல்கலைக்கழக வாசலிலிருந்து நூலகம் வரை தூங்குமூஞ்சி மரங்கள் மட்டுமே நிற்கிற பாதை... ஆள் நடமாட்டமே கிடையாது. என் சிநேகிதி சைத்ராவின் அண்ணி மௌனிகா அங்கேதான் நூலகர். அவளுக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்த் தனியாகப் படுத்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். இடிக்காமல் புதுப்பித்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம் எல்லாம் பழசு; விளக்குகள் மட்டும் புதுசு. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் தானாக அணையும். மறுநாள் திறப்பு விழா. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

மௌனிகாவுக்கு ஏழாம் மாதம். ஏற்கெனவே இரண்டு கலைந்துபோய், கோயில் கோயிலாகச் சுற்றித் தங்கிய கரு இது. அன்று மதியத்திலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் கணவன் நவநீத்துக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, மத்தியானத்துல இருந்து அசையவே இல்லீங்க. பயமா இருக்குதுங்க."

"ஒண்ணும் ஆவாது அம்மணி. அங்கியே உக்காந்திரு. வண்டி எடுத்துப்போட்டேன், வாரேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

உட்கார்ந்தாள். அலமாரிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில், வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக் காத்திருந்தாள். ஒரே ஓர் உதை... அது போதும் அவளுக்கு.

டக்.

விளக்கு அணைந்தது. அவளும் அசையவில்லை, உள்ளே இருந்ததும் அசையவில்லை. விளக்கு பாவம், என்ன செய்யும்?

கையை வீசினாள். எரியவில்லை. போன் எங்கேயோ மேசைமேல். எழுந்து தட்டுத்தடுமாறி வாசல் பக்கம் நடந்தாள். புதுப் பெயிண்ட் வாசனை போய், குழி தோண்டினால் வருமே, அந்த ஈரமண் வாசனை வந்தது... காலில் என்னவோ இடறியது.

புத்தகத்தில் கால் பட்டால் என்ன செய்வோம்? நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உடம்பு தானாகக் குனியும். அய்யோ சரஸ்வதி என்று அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒற்றிய பிறகுதான் உறைத்தது. அது அட்டை இல்லை. தோல். சில்லென்று... ஈரமாக... வரிசையாக நகங்கள்.

அவள் தொட்டது ஒரு பாதம்.

காலைத் தொட்டுக் கும்பிட்டால் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? உச்சந்தலையில் ஒரு கை வந்து அமர்ந்தது. கனமான கை. அந்தக் கை மெல்ல இறங்கியது... நெற்றி... தோள்... வயிற்றில் வந்து நின்றது.

உள்ளே பலமாக ஓர் உதை.

அந்த நொடியே விளக்குகள் மொத்தமும் எரிந்தன. எதிரே யாரும் இல்லை. தரையில் புத்தகமும் இல்லை. பயத்தில் அழுதாளா, சந்தோஷத்தில் அழுதாளா, அவளுக்கே தெரியாது. நவநீத் ஓடி வந்து கைகொடுத்து எழுப்பியபோது, "அசைஞ்சிருச்சுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாஜிதா பேகம் ஸ்கேன் செய்தார். துடிப்பு கேட்டது. நவநீத் சாமியைக் கும்பிட்டான்.

"குழந்தை நல்லா இருக்குதுங்க. இங்க பாருங்க, ரெண்டு கையையும் நெஞ்சுல மடக்கி வெச்சுட்டு எப்படித் தூங்கு..."

அத்தோடு டாக்டரின் பேச்சு நின்றது.

குழந்தையின் இரண்டு கைகளும் நெஞ்சின்மேல்தான் இருந்தன. அதன் தலைமேல் இன்னொரு கை இருந்தது. வளர்ந்த மனிதரின் கை... மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.