ஏழாவது பிரதி

தப்பா சொல்லிடுவேனோன்னுதான் பயமா இருக்கு, வேற ஒண்ணுமில்ல. நீங்க வந்து உக்காந்ததும் ஃபோனை எடுத்து நடுவுல வெச்சிட்டீங்க. ஒரு வார்த்தை முன்னப்பின்ன ஆனாலும் அதுல அப்படியே பதிஞ்சிடும். அப்புறம் லதிகா அன்னிக்கு ஒண்ணு சொன்னா, இன்னிக்கு ஒண்ணு சொல்றான்னு ஆயிடும். அணைச்சிட்டீங்களா? நிஜமா? சரி. பைக்குள்ள போட்டுடுங்களேன். உங்க மேல சந்தேகம்னு இல்ல, கண்ணு அங்கேயே போகுது, அதான்.

அந்த நாற்காலி ஆடும், சுவரோரமா இழுத்துப் போட்டுக்கங்க.

நான் ஆறாங்கிளாஸோட நின்னவம்மா. நீங்க பதிப்பகத்துல பெரிய வேலையில இருக்கறவங்க. கேட்டதையே திருப்பிக் கேக்கறேன்னு நினைக்காதீங்க. சுப்ரபா தீதியோட அந்தக் குளத்து நாவலை மறுபடி அச்சுப் போடறீங்க. அதுக்காக அவங்க பெட்டியைத் திறந்தா, திருத்தித் திருத்தி எழுதின ஆறு பிரதி இருக்கு. ஆனா அவங்க டைரியில, ஏழாவது முடிந்தது, லதிகாவிடம் கொடுத்துவிட்டேன்னு எழுதியிருக்கு. அந்த ஏழாவது எங்கேன்னுதானே தெரியணும்?

சொல்றேன். இருங்க, வரிசையா வந்தாத்தான் எனக்கு வரும்.

புகுந்த ஊரு பாருயிபூர்ல என் புருஷன் செத்துப் போனதுக்கு மூணு வருஷம் கழிச்சு தீதி வீட்டுக்குச் சமையலுக்கு வந்தேன். இருபத்தாறு வயசு. வண்ணானுக்குப் போட்ட துணிக் கணக்கை எழுதி வெச்சிருந்தேன், தீதி அதை எடுத்துப் பாத்தாங்க. இது யாரு எழுத்துன்னாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். மறுநாளே அடுப்படியில ஒரு பலகையைப் போட்டு, இதைப் பாத்து அப்படியே எழுதுன்னு அடிச்சுத் திருத்தின தாளெல்லாம் கொண்டுவந்து வெச்சிட்டாங்க. அப்படி ஆரம்பிச்சதுதான். அப்புறம் அவங்களுக்குத் தெரிஞ்ச எழுத்தாளருங்க எல்லாரும் அனுப்ப ஆரம்பிச்சாங்க. புரியாத கிறுக்கலை நல்ல எழுத்துல எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான் என் வேலை.

ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதம். அனாதி பாபு, குஷாரி வீட்டு அனாதி பாபு, தெரியுமே உங்களுக்கு? துர்கா பூஜை மலர் வருதுன்னா மூணு பத்திரிகைக்கு மூணு நாவல் எழுதுவாரு. வாயில வெத்தலை, இடுப்புல வேட்டி நிக்காது, எழுதிக்கிட்டே இருப்பாரு. எழுதினதைத் திரும்பிப் பாக்கவே மாட்டாரு. ஒரு தடவை அஞ்சாம் அத்தியாயத்துல செத்த மாமன் ஒன்பதாம் அத்தியாயத்துல வந்து உக்காந்து மீன் குழம்பு சாப்பிடறான். பாபு, இவன் செத்துட்டானேன்னேன். பாவம் லதிகா, பசியோட போயிருப்பான், சாப்பிட்டுப் போகட்டும், நீ ஏன் குறுக்க நிக்கறேன்னாரு. நானே அஞ்சாம் அத்தியாயத்துல செத்துப் பிழைச்சான்னு மாத்தி எழுதி அனுப்பினேன். அவருக்கு அதுவும் தெரியாது. அச்சுல வந்ததைப் படிக்க மாட்டாரே. எனக்குத் திருத்தம்னா அது லதிகாதான்னு எல்லார்கிட்டயும் பெருமை வேற.

மிஹிர் பாபு முடிவைத்தான் முதல்ல எழுதுவாரு. அங்கேருந்து பின்னால பின்னால வருவாரு. துண்டுத் தாள்ல எழுதி, வெராண்டா கொடியில துணிக் கிளிப் போட்டு மாட்டி வெப்பாரு. ஒரு சித்திரைச் சூறைக்காத்துல மொத்தக் கதையும் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போயிடுச்சு. அந்த வீட்டம்மா பொறுக்கிக் கொடுத்த வரிசைதான் நல்லா இருக்குன்னு அப்படியே புஸ்தகமாப் போட்டுட்டாரு. சிரிக்கறீங்க. நானும் அப்ப சிரிச்சேன்.

தீதிகிட்ட அதெல்லாம் நடக்காது. ஒரு கமா மாறினாக்கூடக் கண்டுபிடிச்சிடுவாங்க. மத்தவங்க பூஜை மலர்ல வந்த நாவலை எடுத்து, நடுவுல நாலு அத்தியாயம் ஊதிப் பெருக்கி, பனிக்காலத்துப் புத்தகச் சந்தைக்குக் கொடுத்துடுவாங்க. தீதிக்கு பூஜை மலர்ல வர்றதுங்கறது முதல் பிரதிதான். ஊரே படிச்சு அழுது கடுதாசி போட்டு முடிச்சப்புறம்தான் அவங்க எழுத உக்காருவாங்க. சிவப்புப் பென்சிலைச் சீவிக் கொடுத்துட்டு நான் பக்கத்துல பட்டாணி உரிச்சுக்கிட்டு இருப்பேன். வாய்விட்டுப் படிச்சுப் பாப்பாங்க. பொய்யா ஒரு பொருள் உள்ள வந்துட்டா அது தனியாத் துருத்திக்கிட்டு நிக்கும் லதிகா, நாம தேட வேண்டாம், அதுவே காலை இடறும்பாங்க.

அந்த நாவல் என் கதைதான். உங்களுக்கு அது தெரியாதா? ஆமாம்மா. தீதி கேட்டாங்க, சொன்னேன். எல்லார்கிட்டயும் எதைச் சொன்னேனோ அதையேதான் சொன்னேன். போலீஸ்ல, மாமியார்கிட்ட, மச்சினன்கிட்ட. காலையில குளத்துப் படியில பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தேன். அவர் குளிக்க வந்தாரு. எண்ணெய் எடுத்துட்டு வாடின்னாரு. வீட்டுக்குள்ள போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள தண்ணியில யாருமில்ல. அவ்வளவுதான். நீச்சல் தெரியாது அவருக்கு. படியெல்லாம் பாசி.

அடிப்பாரா? அடிப்பாரு. கல்யாணமான ஆறு வருஷமும். இந்தக் கை நேரா நீளாது பாருங்க. அதனாலதான் என் எழுத்து ஒரு பக்கமாச் சாயும், அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க.

பூஜை மலர்ல நான் சொன்னபடியேதான் வந்தது. அப்புறம் தீதி சிவப்புப் பென்சிலை எடுத்தாங்க. ரெண்டாவது பிரதியில பேச்சை மட்டும் மாத்தினாங்க. மூணாவதுல எண்ணெயைச் சுத்தி வட்டம் போட்டுட்டாங்க. குளிக்கப் போறவன் எண்ணெயை வீட்டுல வெச்சிட்டா போவான்னாங்க. குடிச்சிருந்தாரு தீதி, மறந்துட்டாருன்னேன். நாலாவதுல புருஷன் குடிச்சிருந்தான். அஞ்சாவது எழுதறப்ப, காலையிலேயே அவ்வளவு குடிச்சவன் எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்னு நினைப்பானான்னாங்க. நான் பட்டாணியையே பாத்துக்கிட்டு இருந்தேன். வீட்டுலேருந்து குளம் எத்தனை அடின்னாங்க. நாப்பதுன்னேன். மறுநாள் வேற ஏதோ பேசிக்கிட்டு இருக்கறப்ப நடுவுல கேட்டாங்க. முப்பதுன்னு வாயில வந்துடுச்சு. தீதி நிமிர்ந்துகூடப் பாக்கல. முப்பதுன்னு எழுதிக்கிட்டாங்க.

என் மேல சந்தேகப்பட்டாங்களான்னா, அது இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. அவங்க எல்லாரையும் அப்படித்தான் கேப்பாங்க. ஒரு கதைக்காக தபால்காரரை மூணு நாள் நிக்க வெச்சு, பையை எந்தத் தோள்ல மாட்டுவீங்கன்னு கேட்டிருக்காங்க. அந்த ஆளு வேற பேட்டைக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

ஆறாவதுல, அவ எண்ணெய் எடுக்க உள்ள போய், கண்ணாடி முன்னால நின்னு தலை வாரிக்கிட்டு இருந்துடறா, அதனால தாமதம்னு எழுதினாங்க. எழுதிட்டு வாய்விட்டுப் படிச்சாங்க. ரொம்ப நேரம் பென்சிலை வெச்சுத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. இன்னும் ஒட்டலையே லதிகா, இவ எதுக்கு உள்ள போனா, எனக்கென்னவோ இவ போகவே இல்லைன்னு தோணுதுன்னாங்க. நான் சொல்லல, எழுத்து சொல்லுதுன்னாங்க. நான் உலை கொதிக்குதுன்னு சொல்லிட்டு எழுந்து போனேன்.

ஏழாவது பதினஞ்சு நாள்ல முடிஞ்சது. அப்பவே தீதிக்குக் கண்ணுல நீர் அழுத்தம், எழுத்தெல்லாம் கோணல்மாணலா வந்தது. பதினாலாம் அத்தியாயம் பதினொரு தாள். அடுப்படியில பலகையைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். அதுல அவ எங்கேயும் போகல. படியிலேயே உக்காந்து சோத்துப் பானையைச் சாம்பல் போட்டுத் தேச்சுக்கிட்டு இருக்கா. அவன் சறுக்கி விழறான். ரெண்டு தடவை மேல வர்றான். ரெண்டாவது தடவை அவளைப் பாக்கறான், கையை நீட்டறான். அவ பானையைக் கவுத்து அடியைத் தேய்க்கறா. தண்ணி அசையாம ஆனப்புறம் பானையை அலம்பி வெக்கறா. எழுந்து வீட்டுக்குள்ள போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வந்து படியில வெச்சிட்டு, அப்புறம்தான் கத்தறா.

டீ ஆறுது பாருங்க. குடிங்க.

அதை என் கையாலயே நல்ல எழுத்துல எழுதி அச்சாபீஸுக்கு அனுப்பணும். பாருயிபூர்ல பூஜை மலர் படிச்ச எல்லாருக்கும் இது யார் கதைன்னு தெரியும். மச்சினன் படிச்சிட்டுப் பெருமையா நாலு பேருக்குக் காட்டினவன். மாமியாரும் அப்ப உயிரோட இருந்தா. அந்தக் கிண்ணம் படியில இருந்ததை அவதான் முதல்ல பாத்தா.

பதினாலாம் அத்தியாயத்தை மட்டும் ஆறாவதுலேருந்து எடுத்து எழுதினேன். மத்ததெல்லாம் ஏழாவது. தீதிக்கு அதுக்குள்ள கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு. அச்சுத் தாளைத் திருத்திப் பாக்க முடியல. நீயே பாத்துடுன்னாங்க. பாத்தேன்.

புஸ்தகம் வந்ததும் பதினாலாம் அத்தியாயத்தைப் படின்னாங்க. மத்தியானம், வெயில்ல உக்காந்திருந்தாங்க, கண்ணுக்கு மேல பச்சைத் துணி. பக்கத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டேன். அதுல அவ கண்ணாடி முன்னால தலை வாரிக்கிட்டு இருக்கா. நான் அதைப் படிக்கல. ஏழாவதைத்தான் சொன்னேன். பானையை, சாம்பலை, கையை, கிண்ணத்தை, எல்லாத்தையும். நடுநடுவுல பக்கத்தைப் புரட்டினேன், சத்தம் கேக்கணும் இல்லையா. முடிச்சதும் தீதி கண்ணு மேல இருந்த துணியைச் சரி பண்ணிக்கிட்டாங்க. அப்புறம், ம், இப்ப ஒட்டுதுன்னாங்க. பழைய பிரதியெல்லாம் பெட்டியில போட்டு வெச்சிடு லதிகான்னாங்க.

அவ்வளவும் மனப்பாடமான்னு கேக்கறீங்களா? இல்லம்மா. ஒரு தடவைதான் படிச்சேன். மனப்பாடம் பண்ண என்ன இருக்கு. நான் அங்கதானே உக்காந்திருந்தேன்.

என்னைப் பாக்காதீங்க அப்படி. அவங்கள்ல யாரும் இப்ப இல்ல. மாமியார் போயிட்டா, மச்சினன் போயிட்டான், தீதி போய் பதினொரு வருஷமாச்சு. அழுகை கிழுகையெல்லாம் எனக்கு அப்பவும் வரல, இப்பவும் வரல. டைரியில என்கிட்ட கொடுத்ததா எழுதி வெச்சிருக்காங்கன்னு நீங்க ஃபோன்ல சொன்னதுலேருந்துதான் சோறு இறங்கல. எதுக்கு அதை மட்டும் எழுதினாங்க? மத்த ஆறையும் என்கிட்டதானே கொடுத்தாங்க, அதையெல்லாம் எழுதலையே.

ஆமா, ஏழாவது. சொல்லிட்டேனே, இல்லையா? ஆறு பிரதியைப் பெட்டியில வெச்சுப் பூட்டினேன். ஏழாவதுல அந்தப் பதினொரு தாளை மட்டும் எடுத்துட்டா நடுவுல காணோமேன்னு என்னிக்காவது யாராவது கேப்பாங்க. அதனால மொத்தத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டேன். தை மாசக் குளிரு. தீதி குளிக்க ரெண்டு நாளைக்கு அது போதுமா இருந்தது.