குன்வோர் நெஸ்ஸை இரண்டாம் முறை கேட்காதவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் பாஸ்டர் டாலன் அவர்களே, பள்ளிக் குழுத் தலைவர் ஆர்லன் மோயன் அவர்களே, வெளி மாநிலத்திலிருந்து வந்து நம் பள்ளியை நிர்வகிக்கும் கண்காணிப்பாளர் கேலவே அவர்களே, இந்தத் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் ஈரக் கோட்டோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஸ்டோர்லி ஊர் மக்களே! குன்வோர் நெஸ்ஸோடு பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு ஆண்டுகள் உருளைக்கிழங்கு உரித்த லவோன் ஸ்கார் உங்கள் முன் நிற்கிறேன்.

நான் அழுதுகொண்டே பேசுவேன் என்று நினைத்து யாரோ முன்வரிசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை வைத்திருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வருகிறது.

ஏன் என்கிறீர்களா? உங்கள் கையில் இருக்கும் இரங்கல் தீர்மானத்தைப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் நாம் எல்லோரும் அதில் கையெழுத்துப் போடவேண்டுமாம். செவ்வாய்க்கிழமை அது பள்ளிக் குழுவின் மேசைக்குப் போகிறது. அன்றைக்குத்தான் நம் பள்ளிச் சமையலறையை மூடிவிட்டு, லாரியில் வரும் உறைந்த சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் போடலாமா என்று ஓட்டெடுக்கப் போகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தத் தாளின் நாலாவது வரியைப் படிக்க அது தாராளம். "குன்வோர் நெஸ் தம் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகினார், அவர் இடத்துக்கு வர எவரும் முன்வரவில்லை." சமையலறையை மூட இதுதான் காரணமாம். செத்தவளின் பெயரைச் சொல்லியே அவள் அடுப்பை அணைக்கப் போகிறார்கள்! அந்த வரி பொய். பொய் என்று இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

யார் இந்தக் குன்வோர் நெஸ்? நார்வேயின் வடக்கே, மீன் காயப்போடும் ஒரு தீவிலிருந்து இருபது வயதில், ஒற்றைத் தகரப் பெட்டியோடு இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவள். நம் பாட்டன்கள் விட்டுவிட்டு வந்த நாட்டிலிருந்து நம் காலத்தில் வந்தவள். முப்பத்து நான்கு ஆண்டுகள் நம் பள்ளியில் கரண்டி பிடித்தவள். என் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் அவள் கையால் சாப்பிட்டவர்கள். ஏழு பேரும் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். உங்கள் பேரப்பிள்ளைகளை வேண்டுமானால் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் ஜனங்களின் குணம் நமக்குத் தெரியாதா? நம் வீடுகளில் முதல் தடவை கேட்டதும் "கொடு" என்று சொன்னவர் உண்டா? காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம். நிஜமாகவா என்றால், உங்களுக்கு எதற்குச் சிரமம். மூன்றாவது தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை. பிறகு உட்கார்ந்து நாலு கோப்பை குடிப்போம்! பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். பசித்த பிள்ளைகூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லும். அதை அறிந்து பரிமாறினவள் குன்வோர் நெஸ்.

ஆலங்கட்டி மழை ஹெக்டால் வீட்டுக் கோதுமையை அடித்துப் போட்ட வருடம். அந்த வீட்டு டார்லாவுக்கு அப்போது பத்து வயது. இதோ, நாலாவது வரிசையில் மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். தட்டை நக்காத குறையாகக் காலி செய்துவிட்டு அதைத் திருப்பி வைக்க வருவாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா கண்ணு?"

"வேணாம் மிஸஸ் நெஸ்."

"நெஜமாவா?"

"வயிறு ரொம்பிடுச்சு."

"அப்படியா? எனக்கு ஒரு உதவி பண்ணேன். இந்தச் சட்டிய நான் கழுவணும். அடியில கெடக்கறத நீ வாங்கிக்கிட்டா எனக்கு வேலை மிச்சம்."

சட்டியில் பாதிக்குமேல் இருக்கும்! டார்லா உதவி செய்வதுபோல் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவாள். ஒரு நாளா, இரண்டு நாளா? அந்தக் குளிர்காலம் முழுக்க. பிள்ளையின் வயிறும் நிறைந்தது, மானமும் போகவில்லை. இதை எந்த லாரி செய்யும்? சொல்லுங்கள், எந்த லாரி செய்யும்?

போன மார்ச் மாதம் அந்த லாரிக் கம்பெனிக்காரர் மாதிரிச் சாப்பாடு கொண்டுவந்தார். சாம்பல் நிறத்தில் உருளைக்கிழங்கு. கடித்தால் திருப்பிக் கடிக்கிற இறைச்சி. குன்வோர் ஒரு வாய் வைத்தாள், நேரே கழுவுதொட்டியில் துப்பினாள். "தம்பி, எங்க தீவுல கடல்காக்கா கூட இத மோந்து பாத்துட்டுப் பறந்துரும்" என்றாள். சோடாக் காரத்தில் ஊறி வழவழவென்று ஆடும் மீனைக் கிறிஸ்துமஸுக்கு வரிசையில் நின்று வாங்கித் தின்கிற ஜனங்கள் நாம். நமக்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அடுத்த வாரம் பள்ளிக் குழு கூடியது. நாற்பது பேர் இருந்தோம். கேலவே அவர்கள் கேட்டார்: "மிஸஸ் நெஸ், நீங்க வேலையில தொடர்ந்து இருக்க விரும்பறீங்களா?"

குன்வோர் எழுந்து நின்றாள். "ஐயோ, எனக்காக நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம்."

"சரி, ரொம்ப நன்றி" என்றார். எழுதிக்கொண்டார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அவள் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். இரண்டாவது தடவை கேட்பார் என்று நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் தெரியுமா? சூடேற்றும் குழாய் டக் டக் என்று அடித்துக்கொண்டதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்தாள்.

கேலவே அவர்களே, உங்களைக்கூட நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். உங்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆர்லன், நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர்தானே? உங்கள் அம்மா மூன்று தடவை கேட்காமல் யாருக்காவது காப்பி ஊற்றியிருக்கிறாரா? "இன்னொரு தடவ கேளுங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்கள் வாய்க்கு என்ன வந்தது? பென்சில் சீவிக்கொண்டிருந்தீர்கள். பாஸ்டர் கூரையைப் பார்த்தார். நான்? நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு! அந்த அருவருப்பில் பெரிய பங்கு என் மேல்தான்.

திரும்பும்போது காரில் அவள் சொன்னாள்: "அவரு ரெண்டாவது தடவ கேக்கவே இல்லையே, லவோன்."

"நாளைக்கே போய் வேணும்னு சொல்லேன்."

"போய்க் கேக்கறதா? பாவம், அவருக்கு எவ்வளவு வேலையோ" என்றாள். அவரைத்தான் பாவம் என்றாள்!

ஏழு மாதம் அவள் வீட்டில், நான் சமையலறையில். பள்ளி நடந்த நாளெல்லாம் பதினொன்றே காலுக்குத் தொலைபேசி அடிக்கும். "இன்னிக்கு என்ன போட்டீங்க? எல்லாப் புள்ளைங்களும் சாப்பிட்டுச்சா?" போன வெள்ளிக்கிழமை அடிக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். அதனால்தான் செத்தாள் என்று நான் சொல்லவரவில்லை. எனக்குத் தெரியாததை நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இது தெரியும். அவள் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கென்று அந்த லாரிக் கம்பெனி பிளாஸ்டிக் பெட்டியில் சாண்ட்விச் அனுப்பியிருக்கிறது! அதைக் கொண்டுவந்து இந்த மேசையில் அடுக்க யாருக்கு மனசு வந்தது? எல்லாவற்றையும் நான் பின்கதவுக்கு வெளியே வைத்துவிட்டேன். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

குன்வோர்! உன் கரண்டி கீழே விழாது. "எவரும் முன்வரவில்லை" என்று எழுதியவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். என்னை ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்: எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த அடுப்பு வேண்டும். எழுபத்தோரு வயதில் வாய் கூசாமல் சொல்கிறேன், வேண்டும்! செவ்வாய்க்கிழமை நீங்களும் வாருங்கள். ஆட்சேபம் உண்டா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். உடனே எழுந்திருங்கள். செருப்பைப் பார்க்காதீர்கள்.

ஆர்லன், நாலாவது வரியை அடிக்கப் பேனா கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிக்கொள்கிறீர்களா? நான் இரண்டாவது தடவை கேட்கப் போவதில்லை.