தரணி திருத்திய கோப்புகள்

எனக்குக் கோபமே வராது சார். அருள்புரத்தில் எங்கள் சாயப்பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் ரூம் தனபால் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான் என்பார்கள்.

சாய இயந்திரங்களை ஓட்டும் புரோகிராமை எழுதியவன் நான்தான். எந்தச் சாயத்துக்கு எவ்வளவு சூடு, எப்போது மூடியைத் திறக்கலாம், எல்லாம் சின்னச் சின்னக் கோப்புகளில் இருக்கும். அவற்றுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தபோது கைபோன போக்கில் கோப்பில் பெரிய எழுத்திலும் புரோகிராமுக்குள் அதே பெயரைச் சிறிய எழுத்திலும் அடித்திருந்தேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. 2007இல் வைரஸ் தொல்லை தாங்காமல் முதலாளி சிவசுப்பிரமணியம் சர்வரை லினக்ஸுக்கு மாற்றச் சொன்னார். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. கோப்பைக் காணோம் என்று சொல்லி இயந்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டன.

நான் முழி பிதுங்கி உட்கார்ந்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பல்லடத்துப் பெண் தரணி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தாக்கி, புரோகிராமும் அப்படியே தேடும்படி செய்தாள்.

"சின்ன விஷயமுங்கண்ணா. நீங்க எழுதுனப்ப அது தப்பே இல்லீங்க" என்றாள். ஆறுதல் சொன்னாளாம். மூக்கை அறுத்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். எங்கள் பட்டறையில் நின்ற இயந்திரத்தை மறுபடி ஓட்டும்போது கற்பூரம் காட்டி, கைராசிக்காரர் ஒருவர்தான் முதல் பட்டனை அழுத்துவார். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கை என்னுடையது. கை கழுவித் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். முதலாளி என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"தரணிக் கண்ணு, வா சாமி, இன்னைக்கு நீ அமுத்து. தனபால், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோ எடுக்கறாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது சார், பொய் சொல்லமாட்டேன்.

சாயங்காலம் அவளே என்னிடம் வந்தாள். "அண்ணா, மூடிக் கோப்பு மட்டும் கிடைக்கலீன்னா மிஷின் நிக்க மாட்டேங்குதுங்க. எந்தச் சூட்டுலயும் தொறக்கலாம்னு எடுத்துக்குது. ஆபத்துங்க. மாத்திரட்டுங்களா?"

"அதை நான் பாத்துக்கறேன், நீ போ கண்ணு" என்றேன். மாற்றவில்லை.

அடுத்த வாரம் பாலியஸ்டர் துணி வந்தது. அதற்கு இயந்திரத்துக்குள்ளே நூற்று முப்பது டிகிரி சூடு, அழுத்தம் வேறு. காலையில் வந்ததும் மூடிக் கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினேன். இனிப் புரோகிராமுக்கு அது கிடைக்காது. அவள் திருத்தியது சரியில்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் போதும், அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

ஆப்பரேட்டர் வீரணன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், தங்கமான மனுஷன். எங்கள் ஆப்பரேட்டர்கள் யாரும் சூட்டு மீட்டரைப் பார்ப்பதில்லை. பச்சை விளக்கு எரிந்தால் மூடியைத் திறந்துவிடுவார்கள். அடுத்த துணி காத்துக் கிடக்கும். விளக்கை நம்புங்கப்பா, கம்ப்யூட்டருக்குத் தெரியாததா என்று பழக்கியவனும் நான்தான். ஆனால் அன்றைக்கு வீரணனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் அறைப் பக்கம் திரும்பினான்.

"என்னண்ணே, இன்னைக்கு இம்புட்டு வெரசாப் பச்சை விழுந்துருச்சு? தொறக்கலாமாண்ணே?"

நான் தலையாட்டினேன். அவன் திறந்தான்.

கொதிநீர் பீச்சியடித்த சத்தத்துக்கு மேலே அவன் அலறல் கேட்டது. தரணிதான் முதலில் ஓடினாள். அவனை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அவள் கைகளும் வெந்துபோயின. கோவைக்குப் போகும் வழியிலேயே வீரணன் உயிர் போய்விட்டது.

தரணி மேல் கேஸ் எழுதப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம் சார். எழுத்தை மாற்றியவன் நான், தெரிந்தே தலையாட்டியவனும் நான். இதுவும் அவள் பெயரில் போக வேண்டாம்.

ஆஸ்பத்திரி வாசலில் வீரணன் பெண்சாதி சின்னத்தாய், வெந்த கைகளில் கட்டோடு நின்ற தரணியைக் கட்டிக்கொண்டு, "நீதானத்தா எம்புருசனைக் காப்பாத்தப் பாத்தே" என்று கதறினாள். கூடியிருந்த அத்தனை பேரும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன் சார். ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.