‘போ’ன்னு ஒரு பாட்டு

– உக்காராத. சோபா நேத்துதான் வந்துச்சு.

– நின்னுக்கிட்டே பேசவா ஊருக்கு அந்தக் கோடியிலேருந்து வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன், வெர்டி?

– வெர்டெல். வெர்டின்னு கூப்பிட்டவன் வீட்ட விட்டுப் போயி ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. சொல்ல வந்தத சீக்கிரம் சொல்லு, பெரிய துரையே. பன்னெண்டு மணிக்கு ஏர்போர்ட் போக வண்டி வருது. நான் இன்னும் பெட்டியே மூடல.

– நியாயமா பேசுவோம். நான் சண்டைக்கு வரல.

– பதினொரு வருஷம் உனக்குப் பொண்டாட்டியா இருந்தேன். நீ போட்ட சண்டை எல்லாம் இந்த வாக்கியத்துலதான் ஆரம்பிச்சிருக்கு.

– கேளு மொதல்ல. நாளைக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல, டிவில பாடப் போற. டெட்ராய்ட் பூரா இதே பேச்சு. பாடி முடிச்சதும் நிகழ்ச்சி நடத்தறவன் உன்னை உக்கார வச்சுக் கேப்பான். ‘போ போன்னு வெரட்டுறீங்களே, யாரும்மா அந்த ஆம்பளை?’ன்னு.

– கேக்கணும். கேக்கலைன்னா நானே எடுத்துக் குடுப்பேன்.

– என் பேர அங்க சொல்லாத. அவ்வளவுதான். இதக் கேக்கத்தான் வந்தேன்.

– இதுக்கா டை கட்டிக்கிட்டு வந்த?

– ஏற்கெனவே போன மாசம் பத்திரிகைல சொல்லிட்ட. ‘ஆர்லிஸ் டன்ஹம், கார் விக்கிறவர்’னு. பேருல ஒரு எழுத்து தப்பில்லாம போட்டிருக்கான்.

– நான்தான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். தப்பா போட்டுட்டா வேற எவனாவது நல்ல மனுஷன் மாட்டிக்குவானே.

– சிரி. நல்லா சிரி. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? ஒருத்தன் ஷோரூமுக்கு வந்தான். கார சுத்திச் சுத்திப் பாத்தான். சாவிய வாங்கி ஓட்டிப் பாத்தான். திரும்பி வந்து, ‘வண்டி நல்லா போகுமா?’ன்னு கேட்டான். ‘சும்மா பறக்கும் சார்’னேன். ‘அந்தம்மா சொன்னப்ப நீ போன மாதிரியா?’ன்னான். பின்னால நின்ன மெக்கானிக் வரைக்கும் கெக்கேகெக்கேன்னு சிரிக்கிறானுங்க.

– கார் வாங்கினானா?

– வாங்கினான்.

– அப்ப எனக்கு நன்றி சொல்லிட்டுப் போ.

– பவுலிங்குக்குப் போனா அதவிட மோசம். வியாழக்கிழமை எங்க டீம் ஆட்டம். கட்டையச் சாய்க்க நான் பந்த உருட்டிவிட்டா போதும், நாப்பது லேன்ல இருக்கறவனும் எந்திரிச்சு நின்னு ‘போ! போ! போ!’ங்கறான். வெரல நீட்டிக்கிட்டு. அதுவும் உன் ரெக்கார்டு அட்டைல நிக்கிற மாதிரி, இடுப்புல ஒரு கை வச்சுக்கிட்டு.

– பந்து போகுதா?

– எங்க போகும்? ஓரத்துப் பள்ளத்துல விழுது. என் அக்கா மக கல்யாணம் நடந்துச்சு, ஜெபம் முடிஞ்சு கேக் வெட்டி எல்லாம் மரியாதையாத்தான் போச்சு. பாட்டுப் போடறவன் உன் இசைத்தட்டப் போட்டான் பாரு, பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டு நூத்தம்பது பேரும் என் பக்கம் திரும்பினாங்க. எங்க பாஸ்டர் கூட.

– பாஸ்டருமா? அவரு போன ஞாயித்துக்கிழமைதான் டிஸ்கோ சாத்தானோட மேளம்னு பிரசங்கம் பண்ணினாரு!

– வெரல நீட்டல. ஆனா கால் தாளம் போட்டுச்சு. நான் பாத்தேன்.

– அய்யோ, என் துரையே. உனக்கு வந்த கஷ்டத்தப் பாரேன். காப்பி இருக்கு, குடிக்கிறியா? நின்னுக்கிட்டே குடிக்கணும்.

– வேண்டாம். நான் கேக்கறேன், அது ஒரு பாட்டா? கோவப்படாம சொல்லு. ஒரு வார்த்தை! மத்தவன்லாம் மூணு சரணம் எழுதி, மெட்டுப் போட்டு, ராத்திரி பகலா உருகுறான். நீ ‘போ’ங்கற. நடுவுல மூச்சு வாங்குற. திரும்பவும் ‘போ’ங்கற. எங்கப்பா அலபாமாவுல கோவேறு கழுதையப் பூட்டி உழுவறப்ப காலைலேருந்து பொழுது சாயற வரைக்கும் இதே பாட்டத்தான் பாடினாரு. அவருக்கு ஒருத்தனும் பத்து லட்சம் வித்துச்சுன்னு தங்கத் தட்டு குடுக்கல.

– கழுதையாவது ஒரு தரம் சொன்னா நகரும். நீ நகர பதினொரு வருஷம் ஆச்சு.

– பாரு, இதுதான். உனக்கு வாய்தான் ஓடும். பாட்டுக்குன்னு தனியா ஒரு கொரல் வேணும். நான் அன்னைக்கும் சொன்னேன்.

– என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு.

– எதுக்கு இப்ப?

– நான் சொல்றேன். ‘உன் கொரலு பின்னால நிக்கிற கொரலு, வெர்டி’ன்ன. எங்கம்மா முன்னால, சாப்பாட்டு மேசைல. பன்னெண்டு வருஷம் இந்த ஊருல யார் யாருக்கோ பின்னால கோரஸ்ல நின்னு ‘ஊ’ன்னேன், ‘ஆ’ன்னேன். அவங்க பளபளன்னு கவுன் போட்டுக்கிட்டு முன்னால நிப்பாங்க. நான் அரை வெளிச்சத்துல. அந்த ‘ஊ’வையும் ‘ஆ’வையும் வித்துத்தான் உன் சட்டைக்குக் கஞ்சி போட்டேன்.

– நான் இல்லேங்கல.

– அன்னைக்கும் ‘ஊ’ போடத்தான் ஸ்டுடியோவுக்குப் போனேன். பிப்ரவரி மாசம், முழங்கால் வரைக்கும் பனி. நியூயார்க்லேருந்து சால்னு ஒரு பொடியன் வந்திருந்தான். வெள்ள சூட்டு, சட்டைல மூணு பட்டன் தெறந்திருக்கு, அந்தக் குளிர்ல! ஆடறதுக்குன்னே ஒரு பாட்டு பண்ணப் போறேன்னான். டிரம்ஸ் இருக்கு, பேஸ் கிட்டார் இருக்கு, வயலின்காரங்க எட்டுப் பேரு கோட்டக் கழட்டாம உக்காந்திருக்காங்க. பாடற பொண்ணு மட்டும் இல்ல. பனியால அவ ஏற வேண்டிய பிளேனு கெளம்பவே இல்ல. பாட்டு எழுதின தாளும் அவ கைப்பையிலதான்.

– இதெல்லாம் பத்திரிகைல படிச்சேன்.

– படிச்சிருப்ப. பத்திரிகைல போடாததச் சொல்றேன், கேளு. நடைல ஒரு போன் இருக்கும். ‘மிஸஸ் டன்ஹம், உங்க வீட்டுக்காரர்’னு கூப்பிட்டாங்க. கார் பனில மாட்டிக்கிச்சு போலருக்கு, பாவம்னு ஓடினேன். நீ என்ன சொன்ன?

– வெர்டெல்…

– ‘ரொவீனா வீட்டுலேருந்து பேசறேன்’ன. ‘சட்டை துணியெல்லாம் எடுத்துட்டேன்’ன. அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சு, ‘பவுலிங் பந்தையும் எடுத்துட்டேன், தேடாத’ன்ன. நான் எதுக்குய்யா உன் பவுலிங் பந்தத் தேடப் போறேன்?

– பதட்டத்துல என்ன பேசறதுன்னு தெரியல. நீயும் ஒரு வார்த்தை பேசல. டொக்குன்னு வச்சிட்ட.

– எனக்குப் பின்னால டிரம்பட்காரன் காசக் கைல வச்சுக்கிட்டு போனுக்கு நிக்கிறான். அவன் முன்னால என்னத்தப் பேச? திரும்பி உள்ள போனேன். ‘சும்மா மைக் முன்னால நில்லும்மா, வாய்க்கு வந்ததப் பாடு, சத்தம் சரி பாக்கணும்’னான் சால். லைட்ட கொறைக்கச் சொன்னேன். கண்ண மூடினேன். டிரம்ஸ் ஆரம்பிச்சுது. டும் டும் டும் டும்னு, நிக்கவே நிக்காது அது. நானும் நிக்கல. பதினொரு நிமிஷம்.

– பதினொரு நிமிஷமுமா ‘போ’?

– தட்டுல மூணேமுக்கால் நிமிஷம்தான் இருக்கு. முடிஞ்சு கண்ணத் தெறந்தா, வயலின்காரக் கெழவரு ஒருத்தரு கைக்குட்டைய எடுத்து மூக்கச் சிந்தறாரு. நான் கோட்ட மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். காலி அலமாரிய ஒரு தடவ பாத்துட்டுப் படுத்தேன்.

– அந்தப் பய அப்பவே சொன்னானா, இது ஓடும்னு?

– ஒண்ணும் சொல்லல. டேப்ப எடுத்துக்கிட்டு நியூயார்க் போயிட்டான். மே மாசம் தபால்ல தட்டு வந்துச்சு, மேல என் பேரு. பின்னால நிக்கிற கொரலோட பேரு. போட்டுக் கேட்டா எனக்கே அது என் பாட்டான்னு புரியல.

– அப்புறம் ஒரே தாவுல பாட்டுப் பட்டியல்ல முதல் எடம்.

– யாரு சொன்னா? மொதல் வாரம் எண்பத்தெட்டு. அடுத்த வாரம் தொண்ணூத்தாறு. அதுக்கடுத்து பட்டியல்லயே காணோம். கம்பெனிக்காரன் கைய ஒதறிட்டான். நம்ம ஊரு ரேடியோக்காரன் இருக்கானே, ‘இது பாட்டு இல்லம்மா, தீயணைப்பு வண்டி’ன்னு தட்டத் திருப்பிக் குடுத்தான். இன்னைக்கு அவனே மணிக்கு ஒரு தடவ போட்டுட்டு, ‘நம்ம வெர்டெல்’ங்கறான். த்தூ!

– அப்ப எப்படித்தான் ஏறிச்சு?

– நியூயார்க்ல ஆம்பளையும் ஆம்பளையும் ஜோடி சேந்து ஆடற எடம் ஒண்ணு. அங்க தட்டு ஓட்டற பையன் என் தட்ட ரெண்டு வாங்கி, ஒண்ணு முடியறப்ப இன்னொண்ண எடுத்துவிட்டு, இருபது நிமிஷம் நிறுத்தாம ஓட்டினானாம். கூரைலேருந்து வேர்வை சொட்டுச்சுன்னு சால் சொன்னான்.

– சீ. அந்த மாதிரி ஆளுங்களா உன்னைத் தூக்கி விட்டாங்க?

– அந்த மாதிரி ஆளுங்கதான். பாதிப் பேர அப்பன் ஆத்தாளே ‘போ’ன்னு தெருவுல தள்ளினவங்க. அந்த வார்த்தையோட அர்த்தம் அவங்களுக்குத் தெரியும். உனக்கு என்ன தெரியும்? நீ ஒரு வீட்டுலேருந்து எறங்கி நேரா இன்னொரு வீட்டுல ஏறினவன்.

– சரி, விடு.

– அப்புறம் அறுபத்தொண்ணு, முப்பது, பன்னெண்டு, நாலு. மார்ச் மாசம் ஒண்ணு. மூணு வாரம். முதல் எடம்னு போன் வந்தப்ப நான் பல் டாக்டர் கிட்ட இருந்தேன். கடவாய்ப் பல்லப் புடுங்கிட்டான், வாய் மரத்துக் கெடக்கு. நர்ஸு ஓடியாந்து, ‘நீங்கதான் நாட்டுலயே நம்பர் ஒண்ணு’ங்கறா. நான் ‘ப்ளோ, ப்ளோ’ங்கறேன், எச்சி வழியுது. சந்தோஷப்படக் கூட வாய் வரல.

– அந்தத் தங்கத் தட்டு எங்க? செவுத்துல காணோமே.

– பாத்ரூம்ல மாட்டியிருக்கேன். ஈரத்துக்குத் துரு புடிக்குதான்னு பாக்கறேன்.

– உனக்கு எதுலயுமே மரியாதை கெடையாது.

– அந்தா பாரு, மூட்டை. அவ்வளவும் கடுதாசி. டொலீடோவுல ஒருத்தி, இருபது வருஷமா அடி வாங்கினவ, என் பாட்டச் சத்தமா வச்சிட்டு வாசக்கதவத் தெறந்து வெரல நீட்டினாளாம். ‘உங்க தைரியத்துல பாதி எனக்கு வந்துச்சு’ன்னு எழுதறா. மெம்ஃபிஸ்ல ஒருத்தி புருஷன் துணியெல்லாம் எரிச்சுட்டாளாம். அவங்களுக்காகத்தான் உன் பேரச் சொல்றேன். அவங்களுக்கு ஒரு ஆளு வேணும், வெரல நீட்ட.

– அந்த ஆளு நானா?

– வேற யாரு? ஆமா, உன்னை ரொவீனா அனுப்பிச்சாளா?

– அவளா? அவதான் தட்டு வாங்கிட்டு வந்தா. சமையக்கட்டுல முட்டை பொரிக்கிறப்ப போட்டு ஆடறா. அந்தக் கட்டம் வந்தா கரண்டிய என் பக்கம் நீட்டறா. சிரிச்சுக்கிட்டேதான். ஆனா நீட்டறா.

– அய்யோ, என் வயிறு! போதும், துரை. டிவில அழுதுருவேன் போலருக்கு, சிரிச்சு சிரிச்சே.

– சொல்லிக்க. என் பேரு, ஷோரூம் விலாசம், பவுலிங் பந்து, எல்லாத்தையும் சொல்லிக்க. நான் தடுக்கல.

– என்ன திடீர்னு பெருந்தன்மை?

– ஹாரன் கேக்குது. உன் வண்டி வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அன்னைக்கு நீ வச்சதுக்கப்புறமும் நான் போன விட்டு நகரல. திருப்பிக் கூப்பிடுவியோன்னு ரொவீனா வீட்டு நடைலயே நின்னேன், அரை மணி நேரம்.

– கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?

– தெரியல. நேர்மையா சொல்றேன், தெரியல. ஆனா நீ போன வச்ச கையோட மைக்கப் புடிச்சு, ஊரக் கூட்டி, டிரம்ஸ் அடிச்சு ‘போ’ன்னிருக்க. இந்த ஒண்ணேகால் வருஷமா கடைல, தெருவுல, படுக்கைல அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். பதினொரு வருஷம் கூட இருந்தவன் போறேங்கறான். ‘போகாதே’ன்னு ஒரு தடவ, ஒப்புக்குக் கூட உனக்கு வாயில வரலையா?

– அதத்தான் பாடினேன், ஆர்லிஸ். பதினொரு நிமிஷமும் ‘போகாதே, போகாதே’ன்னுதான் பாடினேன். டேப்புலேருந்து ‘காதே’வ பிளேடு வச்சு வெட்டிப் போட்டது சால்.