முட்டை மட்டும்

இல்லண்ணே, அந்தப் பளபளா அட்டை வேணாம். ஈரக் கையோட புரட்டுவா, வழுக்கிக் கீழ போட்டுடுவா. கெட்டி அட்டையா வெச்சு, சுருள் கம்பி மாட்டிக் குடுங்க. விரிச்சு வெச்சா விரிச்சபடியே கெடக்கணும். ஒரு கண்ணு அடுப்புலயும் ஒரு கண்ணு புத்தகத்துலயும் வெச்சுத்தானே அவ சமைக்கப் போறா.

சமையல் புத்தகம்தான். பூரா முட்டை. சிரிக்காதீங்க. இருபத்திரண்டு வகை, எல்லாம் நானே கையால எழுதி, நானே படம் போட்டது. அவிச்ச முட்டைக்கே மூணு பக்கம் ஆயிடுச்சு. எத்தனை நிமிஷம் வேகணும், எப்ப பச்சத் தண்ணிக்கு மாத்தணும், ஓட்ட எந்தப் பக்கம் தட்டி உரிக்கணும்னு அவளுக்கு எல்லாம் சொல்லணும். தண்ணியச் சுட வைன்னாக்கூட எந்தப் பாத்திரத்துலன்னு கேக்குற ரகம்.

அவ எனக்குச் சொந்தமான்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க. என் புருஷன் இப்ப அவ கூடத்தான் இருக்கார்.

அட, பசை காயுது, வேலையப் பாருங்கண்ணே. என் மூஞ்சில என்ன இருக்கு? ஒன்பது வருஷம் உப்புப் போட்டுத்தான் ஆக்கிப் போட்டேன். அந்த ஆளுக்குச் சொரணை வரல, நான் என்ன பண்ண.

அவருக்காக எழுதல. அவர் கல்லத் தின்னாலும் எனக்கென்ன. அந்த வீட்டுல அஞ்சு வயசுல ஒரு பொண்ணு இருக்கு. முட்டையத் தவிர எதையும் வாயில வெக்காது. அதுலயும் மஞ்சக்கரு உடைஞ்சு வழிஞ்சா தட்டத் தள்ளிடும். பத்து நாளா சரியாச் சாப்பிடலயாம், கன்னம் ஒட்டிப்போச்சாம். அவளே எனக்குப் போன் பண்ணி அழுதா. கேட்டதும் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சுண்ணே, பொய் சொல்லல. அடுத்த நிமிஷமே என்னைய நானே செருப்பால அடிச்சுக்கலாம்னு தோணுச்சு.

எழுதினவங்க பேரா? அட்டையில போட வேணாம்.

வேணாம்னா வேணாம்ணே. போன வாரம் போன்லயே ஒரு வகை சொல்லிக் குடுத்தேன். நல்லாத்தான் பண்ணியிருக்கா. ஆனா, உங்கம்மா பண்ற மாதிரியே இருக்கு பாருன்னு புள்ளகிட்டப் பெருமையா வாய விட்டுட்டா. அவ்வளவுதான். வாய்க்குள்ள இருந்ததக்கூடத் துப்பிட்டு, அம்மா எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே சாயங்காலம் பூரா வாசல்லயே நின்னுச்சாம்.

ஆமா, என் வயித்துல பொறந்ததுதான். நைட் டியூட்டிக்குப் போறவகிட்டப் புள்ளைய விட முடியாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க.

முதல் பக்கத்துல மூலையில என் பேரச் சின்னதா எழுதியிருக்கேன் பாருங்க, அந்தத் தாளயும் கிழிச்சுடுங்க. எல்லாம் அவளே யோசிச்சுப் பண்ணதாவே இருந்துட்டுப் போகட்டும். புள்ள சாப்பிடணும்ல.